காபி வணிகர் கண்ட நகராட்சி

கோவையின் முதல் நகரத் தலைவர் ஒரு காபி வணிகர். அவர் காலத்தில் தீராத தண்ணீர்க் கணக்கு, இன்று பாலக்காடு, இடுக்கி மலைகளில் இரண்டு மாநிலங்களின் தகராறாக நிற்கிறது.

கோவையில் மேயராக யார் வந்தாலும் அவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி ஒன்றுதான்: தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வரும்? இந்தக் கேள்வி மாநகராட்சியைவிட மூத்தது. 1981-ல் மாநகராட்சி பிறப்பதற்கும், 1996-ல் நகரம் தன் முதல் மேயரைத் தேர்ந்தெடுப்பதற்கும் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கோவையின் நகரசபை இந்தக் கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருந்தது. பதில் மேற்கே, மலைக்கு அப்பால் இருந்தது. இன்றைய வரைபடத்தில் அந்த இடத்துக்குப் பெயர் பாலக்காடு மாவட்டம், கேரளா.

அந்த நகரசபையின் முதல் தலைவர் என்று கோவையின் வரலாற்றுக் குறிப்புகள் சொல்லும் மனிதருக்கு நாற்காலியில் அமர்ந்தபோது வயது 25. பெயர் ராபர்ட் ஸ்டேன்ஸ். தொழில், காபிக்கொட்டை பதப்படுத்துவது. அவினாசி ரோட்டில் ஒரு பள்ளி, ஒரு பழைய பஞ்சாலை, ஒரு கம்பெனி என்று அவர் பெயர் இன்றும் கோவைக்காரர்களின் வாயில் புழங்குகிறது. ஆனால் ஸ்டேன்ஸ் மில் ஸ்டாப்பில் பஸ் ஏறி இறங்கிய பல தலைமுறைகளில், அந்த ஆள் நகரத்தின் முதல் சேர்மன் என்று தெரிந்தவர்கள் குறைவு.

ஸ்டேன்ஸ் குடும்பம் லண்டனின் வணிகக் குடும்பம். நீலகிரியில் குன்னூர்ப் பக்கம் காபித் தோட்டங்களில் பணம் போட்டிருந்தது. 1858-ல், பதினேழு வயதில், ராபர்ட் இந்தியாவுக்கு வந்தார். சிப்பாய்க் கலகம் அடங்கி, கம்பெனி ஆட்சி போய் விக்டோரியா மகாராணியின் ஆட்சி வந்த ஆண்டு அது. மற்ற துரைமார்கள் மலையின் குளிரை நாடி ஏறிக்கொண்டிருந்தபோது, இந்த இளைஞர் மலையை விட்டுச் சமவெளிக்கு இறங்கினார். 1861-ல் கோவையில் டி.ஸ்டேன்ஸ் கம்பெனி தொடங்கியது.

இறங்கியதற்குக் காரணம் வெயில். காபிச் செடிக்கு மலையும் மழையும் வேண்டும். காபிக்கொட்டைக்கு வேண்டியது நேர் எதிர். பழத்தின் சதையை நீக்கி, கழுவி, மேல்தோலோடு இருக்கும் கொட்டையைத் தோட்டத்திலேயே நன்றாகக் காயவைக்க முடியாது. மலையின் மூடுபனியும் ஈரமும் பூஞ்சை பிடிக்கவைத்துவிடும். நிறம் போனால் லண்டன் சந்தையில் விலை போகாது. ஆகவே மூட்டைகள் மாட்டு வண்டியில் கீழே இறங்கும். வறண்ட ஊரில் பெரிய களங்களில் பரப்பிக் கிளறிக் காயவைத்து, தோல் நீக்கி, பருமன் வாரியாகப் பிரிப்பார்கள். பிறகு வரிசையாக உட்கார்ந்த பெண்கள் உடைந்ததையும் கருத்ததையும் கையால் பொறுக்கி எடுப்பார்கள். அதற்குப் பிறகுதான் அது கப்பலேறும்.

இதற்குக் கோவையைவிடப் பொருத்தமான ஊரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். மூன்று பக்கம் மலை இருந்தும் மழை மறைவுப் பிரதேசம். ஆண்டு மழை 700 மில்லிமீட்டருக்கும் குறைவு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று வேறு. வடக்கே நீலகிரி, வடமேற்கே வயநாடு, தெற்கே ஆனைமலையும் நெல்லியாம்பதியும் என்று காபி விளையும் மலைகளெல்லாம் வண்டி எட்டும் தூரத்தில். அந்தக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையையே இரண்டாகப் பிளந்து வைத்திருப்பதால், சரக்கை மேற்குக் கடற்கரைக்குக் கொண்டுபோக மலையேற வேண்டியதில்லை.

ரயில் அந்தப் பிளவுக்குள் புகுந்ததுதான் திருப்பம். மதராஸ் ரயில்வே கிழக்கிலிருந்தும், கோழிக்கோட்டுக்கு அருகேயுள்ள பேப்பூரிலிருந்தும் பாதை போட்டுக்கொண்டே வந்து, 1862-ல் போத்தனூர் வழியாக இரு கரைகளையும் இணைத்தது. கோவை நகரத்துக்கு அப்போது ஸ்டேஷன் கிடையாது. போத்தனூர்தான் எல்லாம். மேட்டுப்பாளையம் கிளைப் பாதை 1873-ல் வந்த பிறகுதான் கோவைக்குள் ரயில் கூவியது. ஸ்டேன்ஸ் கம்பெனி தொடங்கிய மறு வருடமே ரயில் வந்தது வெறும் அதிர்ஷ்டம் அல்ல. பாதை எங்கே வருகிறது என்று பார்த்துக் கடை போடும் வணிகரின் மூக்கு அது.

அதே 1862-ல் ஸ்டேன்ஸ் ஒரு பள்ளியையும் ஆரம்பித்தார். ரயில்வேயிலும் தோட்டங்களிலும் வேலை பார்த்த வெள்ளைக்கார, ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களின் குழந்தைகளுக்கான பள்ளி. இருபத்தோரு வயதில், சொந்த வியாபாரம் கால் ஊன்றுவதற்குள் பள்ளிக்கூடம் நடத்த முனைந்தவர் என்பதிலிருந்து மனிதரின் குணம் கொஞ்சம் பிடிபடுகிறது. பக்திமான், கறார் பேர்வழி, தர்மத்தையும் கணக்கு நோட்டில் எழுதி வைத்துச் செய்கிற ஜாதி. அந்தப் பள்ளி இன்று எல்லோருக்குமான மேல்நிலைப் பள்ளி. 160 வருடங்களைத் தாண்டி நடந்துகொண்டிருக்கிறது.

இந்த மாதிரி வணிகரை அந்தக் காலம் உலகமெங்கும் தயாரித்துக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் சிகாகோவின் முதல் மேயர் வில்லியம் ஆக்டன் இதே வார்ப்பு. 1835-ல், உறவினர் வாங்கிப் போட்டிருந்த சேற்று நிலத்தை விற்றுக் காசாக்க வந்தவர். இரண்டே வருடத்தில் ஊர் நகரமானது, இவர் மேயரானார். ஊருக்குத் தெருவும் பாலமும் போட்டார். தெருவும் பாலமும் வந்தால் இவர் நிலத்தின் விலை ஏறும். பிறகு சிகாகோவிலிருந்து புறப்பட்ட முதல் ரயில்பாதையைப் போட்டார். 1862-ல் யூனியன் பசிபிக் ரயில் கம்பெனியின் முதல் தலைவர் ஆனார். 1871-ல் சிகாகோவை எரித்த பெருந்தீயில் அவர் சொத்தும் பெருமளவு போயிற்று. ஊரின் நன்மை எங்கே முடிகிறது, சொந்த லாபம் எங்கே தொடங்குகிறது என்று ஆக்டன் வாழ்க்கையில் கோடு கிழிப்பது சிரமம். ஒரு வித்தியாசம் உண்டு. ஆக்டனை ஊரார் வோட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். ஸ்டேன்ஸுக்கு அந்தத் தொல்லை இருக்கவில்லை.

அமெரிக்கா கோவைக்கு வேறு வழியிலும் வந்து சேர்ந்தது. 1861-ல் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டதும் தென் மாநிலங்களின் பருத்தி இங்கிலாந்துக்குப் போவது நின்றது. லங்காஷயர் மில்கள் இந்தியப் பஞ்சைத் தேடி அலைந்தன. கோவையின் கரிசல் நிலத்துப் பருத்திக்கு இதுவரை கண்டிராத விலை. 1865-ல் போர் முடிந்ததும் விலை விழுந்தது. ஆனால், இந்த மண்ணில் விளையும் பஞ்சு உலகச் சந்தைக்குப் போகும், ரயிலும் இருக்கிறது என்ற பாடம் வணிகர்களின் மனதில் பதிந்துவிட்டது. ஸ்டேன்ஸ் அதை மறக்கவில்லை என்பது இருபது வருடம் கழித்துத் தெரிந்தது.

வரி கொடு, வோட்டு இல்லை

1866-ல் கோவை நகராட்சியானது. பரப்பு சுமார் 11 சதுர கிலோமீட்டர். 1871 கணக்கெடுப்பின்படி ஜனத்தொகை சுமார் 35,000. நீலகிரிகூட அப்போது கோவை ஜில்லாவுக்குள்தான் இருந்தது. 1868-ல்தான் பிரிந்தது.

நகராட்சி என்றதும் இன்றைய கவுன்சிலர்களையும் அமளியையும் கற்பனை செய்துகொள்ளக் கூடாது. 1865-ம் ஆண்டின் பத்தாவது சட்டத்தின் கீழ் பிறந்த சபை அது. உறுப்பினர்கள் நியமனம். கலெக்டரின் கை ஓங்கியது. வீட்டு வரி, தொழில் வரி, வண்டி வரி, சுங்கம் என்று வசூலிக்கலாம். அந்தப் பணத்தில் சபை செய்ய வேண்டிய முக்கியமான வேலைகளில் ஒன்று, நகரப் போலீஸ் செலவில் முக்கால் பங்கைக் கட்டுவது! கஜானாவில் பணமில்லாத சர்க்கார், தன் சுமையை ஊரார் தலையில் இறக்கிவைக்கக் கண்டுபிடித்த வழிதான் ‘நகர மேம்பாடு’. 1871-ல் வந்த புதுச் சட்டம்தான் போலீஸ் சுமையை நீக்கிப் பள்ளிக்கூடம், சுகாதாரம் பக்கம் பணத்தைத் திருப்பியது. ரிப்பன் பிரபு 1882-ல் வெளியிட்ட தல சுயாட்சித் தீர்மானத்துக்கும், 1884-ன் சட்டத்துக்கும் பிறகு தேர்தல் என்ற வாசனை வந்தது. அப்போதும் வரி கட்டும் சிலருக்கு மட்டுமே வோட்டு.

இப்படிப்பட்ட சபையில் ஒரு காபி வணிகருக்கு என்ன வேலை? வண்டிப்பாதை அவருக்கு வேண்டும். சந்தையும் சாக்கடையும் வேண்டும், களத்தில் வேலை பார்க்கிறவர்கள் காலராவில் சாகக் கூடாது. ஊருக்கும் இவையெல்லாம் வேண்டியவையே. குறையென்று சொன்னால், வணிகருக்கு அவசரமில்லாத எதுவும் சபைக்கும் அவசரமாகப் படவில்லை என்பதுதான். அதில் முதலிடம் குடிதண்ணீருக்கு.

பழைய கோவை குளங்களையும் கிணறுகளையும் நம்பி இருந்த ஊர். நொய்யலிலிருந்து வாய்க்கால் பிரித்து நிரப்பிய உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக் குளம், சிங்காநல்லூர்க் குளம் எல்லாம் பாசனத்துக்கு. கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் உப்பு. இன்றும் கோவை வீடுகளில் ‘உப்புத் தண்ணி’ ஒரு குழாயிலும் ‘நல்ல தண்ணி’ வேறு குழாயிலும் வருவது அந்தப் பழைய பிரிவினையின் மிச்சம். வசதியுள்ளவர்கள் நல்ல கிணறு தேடி ஆள் அனுப்பினார்கள். மற்றவர்கள் கிடைத்ததைக் குடித்தார்கள்.

காபி போய் பஞ்சு வந்தது

1869-ல் இலங்கையில் காபி இலைத்துரு நோய் தலைகாட்டியது. சில வருடங்களில் தென்னிந்தியத் தோட்டங்களிலும் இலைகள் மஞ்சள் பொடி பூத்து உதிர்ந்தன. இலங்கையில் காபி அடியோடு ஒழிந்து தேயிலை வந்தது; இங்கே பாதி மலைகள் தேயிலைக்கு மாறின. காபியை மட்டும் நம்பியிருந்த பல கம்பெனிகள் மூழ்கின. ஸ்டேன்ஸ் மூழ்கவில்லை. 1888-ல் கோயம்புத்தூர் ஸ்பின்னிங் அண்ட் வீவிங் மில்ஸ் உருவானது. ஊரின் வடக்கே எழும்பிய அந்த ஆலையை மக்கள் நீளப் பெயர் சொல்லி அழைக்கவில்லை. ‘ஸ்டேன்ஸ் மில்’ என்றார்கள். ‘தென்னிந்தியாவின் மான்செஸ்டர்’ என்று பின்னால் கோவை பெயர் வாங்கியதன் முதல் ஆலை அதுதான்.

இந்த ஆலைக்குப் பின்னால் இன்னொரு மனிதரின் பெயரும் உண்டு: சே.ப.நரசிம்மலு நாயுடு. 1854-ல் ஈரோட்டில் பிறந்தவர். பத்திரிகைக்காரர், பிரம்ம சமாஜி, காங்கிரஸ்காரர், வட இந்தியாவைச் சுற்றி வந்து தமிழில் பயண நூல் எழுதியவர். போத்தனூரில் சர்க்கரை ஆலை வைத்துப் பார்த்தவர். ‘கலாநிதி’ என்ற பத்திரிகையைக் கோவையிலிருந்து நடத்தினார். விக்டோரியா மகாராணியின் பொன்விழா நினைவாக 1892-ல் எழுந்த டவுன் ஹாலுக்கு முன்னின்று உழைத்தவரும் அவரே. மாநகராட்சி மன்றம் கூடும் அந்தக் கட்டடத்தில் இன்றும் தண்ணீர்ப் பிரச்னைக்காகக் கவுன்சிலர்கள் குரல் உயர்த்துகிறார்கள். பணமும் ஆங்கிலேயச் செல்வாக்கும் ஸ்டேன்ஸிடம் இருந்தன. ஊரைப் பற்றிய கவலையும் அதை அச்சில் கொட்டும் பழக்கமும் நாயுடுவிடம் இருந்தன. கோவையின் அதிர்ஷ்டம், இருவரும் ஒரே காலத்தில் ஒரே ஊரில் வாழ்ந்தது.

தண்ணீருக்கு வழி சொன்னவர் நாயுடுதான். மேற்கே வெள்ளியங்கிரி மலைத் தொடருக்கு அப்பால், முத்திக்குளம் என்ற இடத்தில் வருடமெல்லாம் வற்றாமல் விழுகிற அருவி இருக்கிறது. அந்தச் சிறுவாணித் தண்ணீரை மலையைக் குடைந்து கோவைக்குத் திருப்பலாம் என்று 1880-களின் இறுதியில் எழுதினார், பேசினார், காட்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தும் சொன்னார். யானைக்காட்டிலிருந்து குடிதண்ணீரா என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். நகரசபையின் ஆட்சேபம் வேறு: பணம். மலையைக் குடைகிற செலவைத் தாங்க அந்தக் கஜானாவுக்குச் சக்தியில்லை. திட்டம் கோப்புக்குள் போனது. நாற்பது வருடம் வெளியே வரவில்லை.

இதற்கிடையில் பிளேக் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது வருடங்களில் கொள்ளை நோய் திரும்பத் திரும்ப நகரத்தைத் தாக்கியது. 1901-ல் 53,000 பேர் இருந்த ஊர் 1911 கணக்கெடுப்பில் வளர்வதற்குப் பதில் சுருங்கியிருந்தது. மக்கள் வீடுகளைப் பூட்டிவிட்டு ஊருக்கு வெளியே கொட்டகை போட்டுத் தங்கினார்கள். கோவையில் மாரியம்மனுக்கே ‘பிளேக் மாரியம்மன்’ என்று பெயர் வந்தது அந்தக் காலத்தில். நெரிசலான பழைய பேட்டைகளை விட்டு வெளியே அகலத் தெருக்களோடு புதுக் குடியிருப்பு வேண்டும் என்ற எண்ணத்துக்கும், தண்ணீருக்கு என்ன செலவானாலும் சரி என்ற துணிவுக்கும் இந்தச் சாவுகள் தேவைப்பட்டன.

இரண்டையும் செய்தவர் மற்றொரு நகரசபைத் தலைவர், இவரும் மில் முதலாளி: சி.எஸ்.ரத்தினசபாபதி முதலியார். ஆர்.எஸ்.புரம் என்ற சுருக்கத்துக்குள் ஒளிந்திருப்பது அவர் பெயர்தான். அவர் தலைமையில் 1920-களின் இறுதியில் மலை குடையப்பட்டு, முத்திக்குளத்துத் தண்ணீர் சுரங்கம் வழியாகச் சாடிவயல் பக்கம் இறங்கி, பம்பு இல்லாமல் தன் எடையாலேயே நகரத்துக்கு ஓடி வந்தது. நரசிம்மலு நாயுடு அதைப் பார்க்கவில்லை. 1922-லேயே காலமாகிவிட்டார். ஸ்டேன்ஸ் பார்த்தார். அப்போது அவருக்கு வயது தொண்ணூறை நெருங்கியிருந்தது.

சிறுவாணித் தண்ணீர் உலகிலேயே இரண்டாவது சுவையான தண்ணீர் என்பது கோவைக்காரர்களின் தீராத பெருமை. முதலிடம் எந்தத் தண்ணீருக்கு என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

கோடு விழுந்தது

மலை குடைந்தபோது யாரும் எல்லையைப் பற்றிக் கவலைப்படவில்லை. கோவையும் மதராஸ் ராஜதானி, பாலக்காடு அடங்கிய மலபார் ஜில்லாவும் மதராஸ் ராஜதானி. ஒரு ஜில்லாவின் தண்ணீர் பக்கத்து ஜில்லாவுக்குப் போகிறது, அவ்வளவே. 1956 நவம்பர் 1-ம் தேதி மொழிவாரி மாநிலங்கள் பிறந்தபோது முத்திக்குளம் கேரளத்துக்குப் போயிற்று. கோவையின் குழாயின் ஒரு முனை ஒரு மாநிலத்திலும் மறு முனை இன்னொரு மாநிலத்திலும் என்றானது.

பழைய தடுப்பு வளர்ந்துவிட்ட நகரத்துக்குப் போதவில்லை. 1973-ல் இரு மாநிலங்களும் ஒப்பந்தம் செய்துகொண்டன. கேரளப் பகுதியில் அணை, கட்டுவது கேரளப் பொதுப்பணித் துறை, பணம் தமிழ்நாடு. ஆண்டுக்கு 1.3 டி.எம்.சி. தண்ணீர், 99 ஆண்டுகளுக்கு. தாளில் எல்லாம் தெளிவு. தகராறு அணையின் நீர்மட்டத்தில் வந்தது. முழுக் கொள்ளளவு மட்டம் கடலுக்கு மேல் 878.50 மீட்டர். பாதுகாப்பைக் காரணம் காட்டிக் கேரளம் 877 மீட்டருக்கு மேல் தேக்க விடுவதில்லை என்று 2022-ல் தமிழக முதல்வர் மு.க.ஸ்டாலின் கேரள முதல்வர் பினராயி விஜயனுக்குக் கடிதம் எழுதினார். ஒன்றரை மீட்டர்தான் என்று தோன்றும். ஆனால் அகன்ற மேல்பரப்பில் அந்த ஒன்றரை மீட்டர், அணையின் மொத்தக் கொள்ளளவில் 19 சதவீதம். கோடையில் அந்த 19 சதவீதம் நகரத்துக்கு எத்தனை நாள் குடிதண்ணீர் என்பது குழாயடியில் நிற்பவர்களுக்குத் தெரியும்.

கோவைப் பக்கம் மட்டும் நின்று பார்த்தால் படம் முழுமையாகாது. சிறுவாணி ஓடி பவானியில் கலப்பது பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடியில். இருளரும் முடுகரும் குறும்பரும் வாழும் அந்தப் பள்ளத்தாக்கின் கிழக்குப் பாதி, கோவையைப் போலவே மழை மறைவு நிலம். தமிழ் பேசும் குடியேறிகளும் அங்கே ஏராளம். அவர்கள் மலையில் பிறக்கும் ஆற்றின் தண்ணீர் மலையைத் துளைத்துக்கொண்டு நகரத்துக்குப் போகிறது. அவர்களின் வயலுக்கு வாய்க்கால் இல்லை. அட்டப்பாடிப் பாசனத் திட்டம் 1970-களிலிருந்து பேச்சளவில் இருக்கிறது. 2013-ல் அங்கே ஊட்டச்சத்துக் குறைவால் ஆதிவாசிக் குழந்தைகள் இறந்த செய்தி நாட்டையே உலுக்கியது. 2016-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் நிபுணர் குழு அட்டப்பாடி அணைக்கான ஆய்வுக்குப் பச்சைக் கொடி காட்டியபோது கோவையில் கடையடைப்பும் ஊர்வலமும் நடந்தன. தமிழகச் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. திட்டம் நின்றது. எதிர்த்தவர்களுக்குக் காரணம் இருந்தது: கீழே பவானியை நம்பிப் பவானிசாகர் பாசனமும், பில்லூர் குடிநீர்த் திட்டங்களும் இருக்கின்றன. கேட்டவர்களுக்கும் காரணம் இருந்தது.

சட்டத்தின் கணக்கு இது: காவிரி நடுவர் மன்றம் 2007-ல் கேரளத்துக்கு ஒதுக்கிய 30 டி.எம்.சி.யில் பவானிப் படுகைக்கு 6, பாம்பாற்றுக்கு 3, மீதி 21 கபினிக்கு. 2018-ல் உச்ச நீதிமன்றம் கேரளத்தின் பங்கை மாற்றவில்லை. பாம்பாறு ஓடுவது இடுக்கி மாவட்டத்தின் மறையூர், காந்தளூர் பக்கம். அதன் தண்ணீர்தான் உடுமலைக்கு மேலே அமராவதி அணைக்கு வருகிறது. அங்கே பட்டிசேரியில் 2014-ல் கேரளம் அணைக்கு அடிக்கல் நாட்டியதும் உடுமலை, தாராபுரம் விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். பாலக்காட்டு எல்லையிலும் இடுக்கி எல்லையிலும் ஒரே வழக்குதான்: மலை அவர்களுடையது, சமவெளி இவர்களுடையது, ஆறு இரண்டு பேருக்கும் வேண்டும்.

கம்பெனியே ஊர்

அந்த இடுக்கி மலைகளில் ஸ்டேன்ஸின் சமகாலத்து வெள்ளைக்காரர்கள் கட்டியது வேறு மாதிரியான ஊர். 1877-ல் ஜே.டி.மன்றோ, பூஞ்ஞாற்று ராஜாவிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளை எழுதி வாங்கினார். சிங்கோனா, காபி என்று பலதும் நட்டுப் பார்த்துக் கடைசியில் தேயிலை நிலைத்தது. 1897-ல் கண்ணன் தேவன் கம்பெனி பிறந்தது. மூணாறிலிருந்து தேயிலைப் பெட்டிகள் குட்டி ரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து இரும்புக் கம்பியில் தொங்கியபடி தமிழ்நாட்டுப் பக்கம் கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர் போய்ச் சேரும். 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போகும்வரை இதுதான் வழி.

மூணாறில் சாலை கம்பெனியுடையது, வீடு கம்பெனியுடையது, ஆஸ்பத்திரியும் பள்ளியும் கம்பெனியுடையவை. நகரசபை என்ற பேச்சே இல்லை. இன்றும் மூணாறு ஒரு கிராமப் பஞ்சாயத்துதான். தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழ்த் தொழிலாளர்கள் ஓய்வு பெற்ற நாளில் லயன் வீட்டைக் காலி செய்ய வேண்டியவர்கள். 2015-ல் பெண் தொழிலாளர்கள் ‘பெம்பிளை ஒருமை’ என்று தாங்களே திரண்டு சாலையில் உட்கார்ந்து போனஸ் வாங்கியதும், 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் லயன்கள் நிலச்சரிவில் புதைந்து 70 பேர் மாண்டதும் இந்த ஏற்பாட்டின் பக்கங்கள். கோவை வணிகரின் நகரசபை எவ்வளவு குறுகியதாக இருந்தாலும், அதில் ஒரு நரசிம்மலு நாயுடு எழுந்து எதிர்க்கேள்வி கேட்க இடமிருந்தது. எஸ்டேட் மானேஜரிடம் அப்படிக் கேட்க இடமில்லை.

இதைச் சொல்வதால் ஸ்டேன்ஸ் மில்லை நந்தவனமாக நினைக்க வேண்டியதில்லை. நீண்ட வேலை நேரமும் குறைந்த கூலியும் மற்ற மில்களைப் போல அங்கேயும் இருந்தன. 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்து கோவையில் மில்கள் பெருகியதோடு தொழிற்சங்கங்களும் பெருகின. 1946-ல் ஸ்டேன்ஸ் மில் வாசலில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தது கோவைத் தொழிற்சங்க வரலாற்றின் ரத்தம் தோய்ந்த அத்தியாயம். நிறுவனர் அப்போது உயிரோடு இல்லை.

அவருடைய கடைசிக் காலத்தைப் பற்றிக் கோவையில் நிலைத்திருக்கும் செய்தி வேறு. கலங்கல் கிராமத்திலிருந்து வந்த ஓர் இளைஞர் மோட்டார் மேல் மோகம் கொண்டு அலைந்தபோது, பஸ் வாங்கக் கைகொடுத்தவர் ஸ்டேன்ஸ் துரை என்பார்கள். அந்த இளைஞர் 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே டிரைவராக உட்கார்ந்து ஓட்டிய அந்த ஒரு பஸ்ஸிலிருந்துதான் யு.எம்.எஸ். நிறுவனம் கிளைத்தது. அவர் பெயர் ஜி.டி.நாயுடு. பாதையைப் பார்த்துக் கடை போட்டவர், பாதை போடப்போகிற ஆளையும் அடையாளம் கண்டுகொண்டார். அதே 1920-ல் ஸ்டேன்ஸுக்கு ‘சர்’ பட்டம். 1936-ல், 95-வது வயதில், ஏறத்தாழ எட்டுப் பத்தாண்டு கால இந்திய வாழ்க்கைக்குப் பிறகு காலமானார்.

காபிக் களத்தில் தொடங்கிய கம்பெனி பின்னால் சென்னையின் அமால்கமேஷன்ஸ் குழுமத்துக்குப் போய், இன்று விவசாய இடுபொருள் தயாரிக்கிறது. மில் தேசியமயமாகித் தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் கைக்கு வந்தது. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கில் கதவடைத்த அக்கழகத்தின் கோவை ஆலைகளில் அதுவும் ஒன்று. வேலையும் சம்பளமும் கேட்டுத் தொழிலாளர்கள் பல முறை வாசலில் உட்கார்ந்தார்கள்.

11 சதுர கிலோமீட்டரில் தொடங்கிய நகராட்சி, 2011-ல் 257 சதுர கிலோமீட்டராக விரிந்தது. வார்டுகள் 100. குடிதண்ணீர் வினியோகத்தை 2018-ல் ஒரு பிரெஞ்சு நிறுவனத்திடம் 26 ஆண்டு ஒப்பந்தத்தில் ஒப்படைத்தபோது, தண்ணீரைத் தனியாருக்கு விற்பதா என்று எதிர்ப்பு கிளம்பியது. 2024-ல் மூன்றாவது பில்லூர்த் திட்டம் திறக்கப்பட்டது. அந்தத் தண்ணீரும் பவானித் தண்ணீர். அட்டப்பாடி வழியாக வருவது. ஒவ்வொரு ஜூன் மாதமும் கோவைப் பத்திரிகைகளில் தினசரி ஒரு சிறு கட்டம் இடம்பெறுகிறது: சிறுவாணி நீர்மட்டம், இத்தனை அடி. 1973 ஒப்பந்தத்தின் 99 ஆண்டுகள் முடிவது 2072-ல்.